கோடைப் போட்டியை கோஷியென் மைதானத்திலிருந்து டோமுக்கு மாற்ற வேண்டுமா?

#1 கோபேவாசி

ஆகஸ்ட் வந்தாலே ஜப்பானில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். உயர்நிலைப் பள்ளிகளின் தேசிய பேஸ்பால் போட்டியை இந்தக் கொதிக்கிற வெயிலில் கோஷியெனில் நடத்தியது போதும், பக்கத்திலேயே ஒசாகாவில் ஏசி வசதியுள்ள, முழுக்கக் கூரை மூடிய கியோசெரா டோம் மைதானம் இருக்கிறதே, அங்கே நடத்துங்கள் என்று.

வேலைக்காக கோபே வந்த பிறகு பேஸ்பால் பார்க்கத் தொடங்கியவன் நான். கோஷியெனைச் சொந்த மைதானமாகக் கொண்ட தொழில்முறை அணி ஹான்ஷின் டைகர்ஸ் ஆட்டத்துக்கும் போவேன், பள்ளிப் போட்டிக்கும் போவேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்ட நேரத்தை மாற்றலாம், நிழலைக் கூட்டலாம், விதிகளைத் திருத்தலாம். இடத்தை மட்டும் மாற்றக் கூடாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கோஷியென் ஒசாகாவில் இல்லை, ஹியோகோ மாகாணத்து நிஷினோமியா நகரில் இருக்கிறது. 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்தார்கள். கட்டியது ஹான்ஷின் மின்ரயில் நிறுவனம். இன்றைக்கும் உரிமையாளர் அவர்கள்தான். அதற்கு முன் பள்ளிப் போட்டி அருகிலுள்ள நருஓ மைதானத்தில் நடந்தது. 1923இல் அங்கே கூட்டம் தாங்காமல் ஜனங்கள் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். இனி பெரிய மைதானம் இல்லாமல் ஆகாது என்று முடிவானது. வறண்ட ஆற்றுப்படுகையில் மார்ச் மாதம் வேலையைத் தொடங்கி, ஐந்து மாதம் முடிவதற்குள் எழுப்பிவிட்டார்கள். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானம்தான் முன்மாதிரி. டைகர்ஸ் அணி பிறந்தது 1935 டிசம்பரில். ஆக, தொழில்முறை அணிக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகள் குடியேறிய மைதானம் இது. இன்று சுமார் 47,000 பேர் உட்காரலாம்.

ஆகஸ்டில் பள்ளிப் போட்டிக்கே முன்னுரிமை. சொந்த அணியான டைகர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட வேண்டும். அந்தப் பயணத்துக்கு இங்கே 'மரணப் பாதை' என்றே பெயர் இருந்தது. 1997இல் ஒசாகா டோம் (இன்றைய கியோசெரா டோம்) திறந்த பிறகு, அந்த நாட்களில் சில 'சொந்த' ஆட்டங்களை அங்கே ஆடுகிறார்கள். பள்ளி மாணவர்களுக்காகத் தன் வீட்டைக் காலி செய்து கொடுக்கும் தொழில்முறை அணி வேறெங்கும் உண்டா?

#2 ஆறாம் விக்கெட்

நல்ல இழை. நான் கிரிக்கெட் ஆள். யூடியூபில் கோஷியென் ஆட்டம் ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன். ரெண்டு சந்தேகம். அமெரிக்க மைதானங்கள்ல நாலு பேஸுக்கு நடுவுல புல் இருக்கும். இங்க அந்தப் பகுதி முழுக்கக் கறுப்பு மண்ணா இருக்கே, ஏன்? அடுத்தது, இதை ரொம்பப் பெரிய மைதானம்னு சொல்றாங்க. ஓரத்துல 95 மீட்டர்னு படிச்சேன். அது சின்னதுதானே?

#3 கோபேவாசி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மண் பற்றிச் சொல்ல இங்கே தகுந்த ஆள் இருக்கிறார்.

பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இடது வலது ஓரங்கள் 95 மீட்டர்தான். ஆனால் அங்கிருந்து சுவர் வேகமாக விலகிப் போகும். நேர் மையம் 118 மீட்டர். மையத்துக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியும் கிட்டத்தட்ட அதே தூரம். பேட்டர்கள் அதிகம் அடிக்க விரும்பும் அந்த இடைவெளிதான் இங்கே ஆழமாக இருக்கிறது. ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆக வேண்டிய பந்து பல மைதானங்களில் சுவரைத் தாண்டும்; இங்கே கையுறைக்குள் விழும்.

இதற்காகவே 1947இல் இடது, வலது அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிப்பகுதி) சுவருக்கு முன்னால் ஒரு வேலி போட்டு, தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள். 'லக்கி ஜோன்' என்று பெயர். வேலிக்கும் சுவருக்கும் இடையிலான அந்தப் பகுதியில் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பந்து போட்டுத் தயாராவார்கள். 1991 சீசன் முடிந்ததும் வேலியை எடுத்துவிட்டார்கள். இப்போது பிட்சர்கள் தயாராகும் இடம் ஸ்டாண்டுக்கு அடியில், உள்ளறையில் இருக்கிறது. மாற்றுப் பிட்சர் யார் எழுந்து வருகிறார் என்று வெளியில் உட்கார்ந்து பார்க்க முடியாது. எனக்கு அதில் குறைதான்.

இன்னொன்று காற்று. கடல் பக்கத்திலேயே இருப்பதால் வலது அவுட்ஃபீல்டிலிருந்து இடது பக்கமாகக் கடற்காற்று அடிக்கும். இடது கை பேட்டர் இயல்பாக இழுத்து அடிக்கும் பந்தைக் காற்று பிடித்துத் தள்ளிவிடும். ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர், இடது கை பேட்டர், இதற்கு ஒரு வழி கண்டார். எதிர்ப்பக்கமாக, காற்று போகிற இடது திசையிலேயே தூக்கி அடிக்கப் பழகினார். 1985இல் 54 ஹோம் ரன், சராசரி .350, பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அணிக்கு ரன் சேர்த்தது ஆகிய மூன்றிலும் முதலிடப் பட்டங்களை ஒரே ஆண்டில் எடுத்தார். டைகர்ஸ் முதல்முறையாக ஜப்பான் சீரிஸ் என்ற தேசிய சாம்பியன் தொடரை வென்றதும் அந்த ஆண்டுதான். அதே ஆண்டு ஏப்ரல் 17இல் டோக்கியோ அணியான ஜயன்ட்ஸுக்கு எதிராக டைகர்ஸின் பாஸ், ககெஃபு, ஒகாதா மூவரும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். மூன்றும் மையத்துப் பக்கம். கோபேயில் என் வயது ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் அதில்தான் வந்து நிற்பார்கள்.

டோமுக்குள் இந்தக் காற்று கிடையாது. காற்றைக் கணக்குப் போட்டு ஆடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைப்பவன் நான்.

#4 மண்ணியல்காரி

என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது :) மண்ணியல் படிக்கிறேன், இந்த மைதானத்தின் பராமரிப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

ஜப்பானின் 12 தொழில்முறை அணிகளுடைய முதன்மை மைதானங்களில், உள்வட்டம் (இன்ஃபீல்ட்) முழுவதும் மண்ணாக இருப்பது கோஷியென் மட்டும்தான். அந்த மண் ஓரிடத்து மண் அல்ல. ஒகயாமா, மியே, ஓய்தா, ககோஷிமா, தொத்தோரி என்று பல மாகாணங்களின் கருமண்ணை மணலோடு கலக்கிறார்கள். கலவை விகிதம் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. பள்ளிகளுக்கான வசந்தப் போட்டியும் இங்கேதான், அந்தச் சமயத்தில் மழை அதிகம், அதனால் மணல் கூடுதல். தண்ணீர் சீக்கிரம் இறங்கும். கோடையில் வெயில் கண்ணைக் கூசும், வெள்ளைப் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும், அதனால் கருமண் கூடுதல். நீர் வடிவதற்கும் கண்ணுக்குத் தெரிவதற்கும் ஒரே கலவையை மாற்றி மாற்றிச் சரிசெய்கிறார்கள். பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த உதாரணம்.

பராமரிப்பது ஹான்ஷின் எங்கெய் என்ற நிறுவனம். ஜனவரியில் ஆட்டம் இல்லாத நாட்களில் மண்ணை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புரட்டிப் போடுகிறார்கள். புன்செய்க் காட்டில் கோடை உழவு மாதிரிதான். பிறகு மழைக்குக் காத்திருப்பார்கள். மழை மண்ணுக்குள் இறங்கிய பிறகு ரோலர் போட்டு இறுக்குவார்கள். மறுபடி மழை, மறுபடி ரோலர். அடி மண் உறுதியாகவும் ஈரத்தைப் பிடித்து வைப்பதாகவும், மேல்பரப்பு கொஞ்சம் மிருதுவாகவும் அமைவது இதனால்தான். பந்து எகிறாமல் சீராக எழும்பும், ஓடுகிறவன் சறுக்கி விழுந்தாலும் தோல் உரியாது.

மழைநீர் வடிவதும் அழகு. பிட்சர் நிற்கும் மேடுதான் உயரம். அங்கிருந்து எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஓரிடத்தில் சின்னக் குழி விழுந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், நடு இடைவேளையிலும், மரப் பலகை வைத்த நீளக் கோலால் மண்ணை இழுத்துச் சமப்படுத்துகிறார்கள். காலால் தள்ளப்பட்ட மண் தள்ளப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது கணக்கு. சமப்படுத்தும் வண்டி எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒரே பக்கம் மண் ஒதுங்கக் கூடாதே.

அவுட்ஃபீல்டில் இயற்கைப் புல். கோடைக்கு டிஃப்டன் வகை, குளிருக்கு மேலே ரை புல் விதைத்துவிடுவார்கள். ஆண்டு முழுக்கப் பச்சை. பாய்ச்சுகிற நீரில் ஒரு பங்கு, ஸ்டாண்டின் கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து எடுப்பது.

#5 உடற்கல்வி வாத்தியார்

மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன் அம்மா. கோபேவாசி சாருக்கு மட்டும் சில கேள்விகள்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிறவன் நான். வெயிலில் பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உடம்புச் சூடு ஏறிவிட்டால் மன உறுதி, பாரம்பரியம் எதுவும் உதவாது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாங்களாக நிறுத்த மாட்டார்கள். ஊரே பார்க்கிறது, பள்ளியே பாட்டுப் பாடி நிற்கிறது. "முடியலை சார்" என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்?

2018இல் கனஆஷி வேளாண்மைப் பள்ளியின் பிட்சர் யோஷிதா கோசெய் அந்த ஒரு போட்டியில் மட்டும் 881 பந்து போட்டார். நாடே கொண்டாடியது. எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பயம்தான் வருகிறது. அதுவும் ஆகஸ்ட் வெயிலில்.

மைதானம் எவ்வளவு உன்னதமானதாக இருந்தாலும் அது பிள்ளைக்காக இருக்க வேண்டும். டோமில் 26, 27 டிகிரியில் ஆட முடியும் என்றால், வெளியே 35 டிகிரியில் ஆட வைக்க நீங்கள் சொல்லும் நியாயம் என்ன?

ஸ்டாண்டில் இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். பேண்ட் வாசிக்கிற பிள்ளைகள், கொடி பிடிக்கிற பிள்ளைகள், ஆட்டம் முடியும்வரை வெயிலிலேயே நிற்கிறார்கள்.

#6 லான்ஸ்டவுன் தெரு

பாஸ்டனிலிருந்து எழுதுகிறேன். 1912இல் திறந்த ஃபென்வே பார்க் எங்கள் ஊரில் இருக்கிறது, சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914. பழைய மைதானத்தின் மேல் எனக்கும் பாசம் உண்டு. 1999இல் ஃபென்வேயை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று திட்டம் வந்தபோது ஊர் ஜனம் எதிர்த்தது. 2002இல் வந்த புதிய உரிமையாளர்கள் இடிக்காமல் சீரமைத்தார்கள். இடது பக்கம் இருக்கும் 37 அடி உயரப் பச்சைச் சுவரின் உச்சியில் 2003இல் இருக்கைகள் போட்டார்கள். இன்று அந்த டிக்கெட்டுக்குத்தான் அடிதடி. ஆகவே பழைய மைதானத்தில் புதிய வசதி சேர்க்க முடியாது என்பது உண்மையில்லை.

அப்படியானால் கோஷியெனுக்குத் திறந்து மூடும் கூரை ஏன் போடக் கூடாது? ஜப்பானிலேயே ஹொக்கைதோவில் எஸ்கான் ஃபீல்ட் 2023இல் திறந்தது. மேலே நகரும் கூரை, கீழே இயற்கைப் புல். மண்ணும் மிஞ்சும், பிள்ளைகளும் பிழைப்பார்கள்.

#7 கோபேவாசி

வாத்தியார் சார், உங்கள் கேள்வி சரியான கேள்வி. "பாரம்பரியம்" என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

நடந்திருக்கும் மாற்றங்களை முதலில் சொல்கிறேன். 2020 முதல் ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் போடக் கூடாது. சமநிலை ஆட்டங்கள் நீண்டுகொண்டே போகாமல் இருக்க, 2023 முதல், வழக்கமான 9 இன்னிங்ஸ் முடிந்ததும் 10ஆவதிலேயே டைபிரேக் (பேஸ்களில் முன்கூட்டியே ஆட்களை நிறுத்தி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும் முறை). அதே ஆண்டு கோடையில் 5ஆவது இன்னிங்ஸ் முடிந்ததும் குளிர்விக்கும் இடைவேளை வந்தது. வீரர்கள் பெஞ்சுக்குப் பின்னால் ஏசி உள்ள இடத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்து உடம்பைக் குளிர வைக்கிறார்கள். 2024இல் முதல் மூன்று நாட்களுக்கு நண்பகலை விட்டுவிட்டு, ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்தார்கள். 2025இல் அதை ஆறு நாளாக நீட்டினார்கள், தொடக்க விழாவையும் மாலைக்குத் தள்ளினார்கள். ஆட்டத்தை 7 இன்னிங்ஸாகக் குறைக்கும் பேச்சும் நடக்கிறது. இரவு ஆட்டத்துக்கு விளக்கு 1956 முதலே உண்டு, 2022இல் எல்லாமே எல்இடி. நண்பகலைத் தவிர்க்கத் தேவையான எல்லாம் மைதானத்தில் இருக்கிறது.

அடுத்தது நிழல். இன்ஃபீல்ட் ஸ்டாண்டின் மேல் இருக்கும் கூரையை இங்கே வெள்ளிக்குடை என்பார்கள். தொடக்க காலத்தில் இரும்புக் கூரை; 1931இல் அதை இருபுறமும் இருக்கும் ஆல்ப்ஸ் ஸ்டாண்ட் வரை நீட்டினார்கள். பள்ளிகளின் பேண்டும் ஆதரவாளர்களும் உட்காரும் இடம் அதுதான். 1943இல் போருக்கு இரும்பு வேண்டும் என்று முழுக்கூரையையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1951இல் கூரை திரும்பி வந்தபோது நடு ஸ்டாண்டுக்கு மட்டும்தான் வந்தது. ஆல்ப்ஸ் பிள்ளைகள் அன்றிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள். இப்போது, மைதானத்தின் நூற்றாண்டை ஒட்டி, கூரையை மறுபடி ஆல்ப்ஸ் வரை நீட்டப்போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. போர் பறித்த நிழல் திரும்பி வரப்போகிறது. எனக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

லான்ஸ்டவுன், நகரும் கூரை பற்றி. எஸ்கான் ஃபீல்ட் வெற்று நிலத்தில் அதற்கென்றே வரைந்து கட்டியது. கோஷியெனைச் சுற்றி வீடுகள், ஒரு பக்கம் விரைவுச் சாலை மேம்பாலம். 1995 ஜனவரி நிலநடுக்கம் இந்தப் பகுதியையே உலுக்கியது, மைதானத்திலும் விரிசல் விழுந்தது. பிறகு 2007 முதல் 2010 வரை, சீசன் இல்லாத மாதங்களில் மட்டும் வேலை செய்து, ஒரு பள்ளிப் போட்டியையும் நிறுத்தாமல், முழுக்கட்டடத்தையும் பலப்படுத்தினார்கள். பார்வையை மறைத்த கூரைத் தூண்களும் அப்போதுதான் போயின. அவ்வளவு கவனமாகத் தாங்கி நிறுத்திய கட்டடத்தின் தலையில் பெரும் பாரத்தை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக என் முக்கியமான வாதம். கோஷியெனுக்கு வருவது 49 பள்ளிகள். அதற்கு முன் ஜூலையில் நாடு முழுக்கச் சுமார் 3,400 அணிகள் மாகாணப் போட்டிகளில் ஆடுகின்றன. சாதாரண நகராட்சி மைதானங்கள், அதே வெயில். 49 பள்ளிகளை டோமுக்குள் கொண்டுபோய்விட்டால் தொலைக்காட்சியில் வெயில் தெரியாது, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? கோஷியெனில் ஒரு விதி வந்தால் அது கீழே எல்லா மைதானத்துக்கும் போகும். டோம் அப்படிப் போகாது.

#8 உடற்கல்வி வாத்தியார்

அந்த 3,400 அணிக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது, மறுக்க மாட்டேன். கூரைச் செய்தியும் மகிழ்ச்சி.

ஆனால் இடைவேளை வந்த 2023இலேயே, அந்த இடைவேளை முடிந்து திரும்பியதும் கால் பிடித்துக்கொண்டு விழுந்த பையன்கள் இருந்தார்கள். குளிர்ந்த தசையைத் திடீரென்று ஓட விட்டால் அப்படித்தான் ஆகும். பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், எப்படித் திரும்ப உடம்பைச் சூடாக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலை-மாலை முறையும் எல்லா நாளுக்கும் வரட்டும், ஆறு நாளுக்கு மட்டும் போதாது. அது வரும்வரை டோம் வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

#9 மண்ணியல்காரி

எல்லா நாளுக்கும் வேண்டும் என்பதில் நானும் வாத்தியார் பக்கம்.

மண் பற்றி ஒன்று விட்டுப்போனது. தோற்ற அணியின் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் குனிந்து அந்த மண்ணைக் கையால் கூட்டிப் பையில் போட்டுக்கொள்வார்கள். 1958இல் ஒகினாவாவிலிருந்து ஷூரி உயர்நிலைப் பள்ளி வந்தது. அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில். ஆடித் தோற்று, மண் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நாஹா துறைமுகத்தில், வெளிநாட்டு மண் உள்ளே வரக் கூடாது என்ற தாவர நோய்த் தடுப்பு விதியின்படி அதைக் கடலில் கொட்ட வைத்தார்கள். செய்தி கேள்விப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் கோஷியெனில் கூழாங்கற்கள் பொறுக்கி அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கல்லுக்கு அந்த விதி பொருந்தாது. அந்தக் கற்களைப் பதித்த நினைவுச்சின்னம் ஷூரி பள்ளியில் இருக்கிறது.

2020இல் கொரோனாவால் வசந்தப் போட்டியும் கோடைப் போட்டியும் ரத்தானபோது, நாடு முழுக்கப் பள்ளி பேஸ்பால் அணிகளில் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் கோஷியென் மண் அடைத்த சாவிக்கொத்தை டைகர்ஸும் மைதானமும் சேர்ந்து கொடுத்தன. செயற்கைப் புல்லில் எதை அள்ளிக் கொடுப்பது? டோமுக்கு எதிராக என்னிடம் இருக்கும் ஒரே உணர்ச்சி வாதம் இதுதான்.

2021 ஆகஸ்டில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தேசிய இறுதி ஆட்டமும் முதல்முறையாக இங்கே நடந்தது. கோபே கோர்யோ 4-0 என்று கோச்சி ச்சுவோவை வென்றது. இறுதி ஆட்டம் மட்டும் போதாது, கூடுதல் ஆட்டங்கள் அங்கே வர வேண்டும்.

#10 ஆறாம் விக்கெட்

ஒரே இழையில இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டேன், எல்லாருக்கும் நன்றி. மண் எவ்வளவு மழை தாங்கும்னு ஒரு கேள்வி மீதி இருக்கு. அடுத்த வருஷம் கம்பெனி வேலையா ஒசாகா வர்றேன், ஏப்ரல் இல்லைன்னா மே. எந்த இடத்துல உட்காரலாம் கோபேவாசி அண்ணா?

#11 மண்ணியல்காரி

எந்த மண்ணுக்கும் எல்லை உண்டு. 2017 அக்டோபர் 15, சீசன் முடிவில் நடக்கும் தகுதிச் சுற்றான கிளைமாக்ஸ் சீரிஸ், டைகர்ஸுக்கும் டிஎன்ஏ பேஸ்டார்ஸுக்கும் ஆட்டம். மழை நிற்கவே இல்லை, உள்வட்டம் சேறாகிவிட்டது, ஆட்டத்தின் நடுவே மணலைக் கொட்டிக் கொட்டி ஆடினார்கள். டிஎன்ஏ 13-6 என்று வென்றது. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், வீரர்களை விட்டுவிட்டு மண் வேலைக்காரர்களைக் கவனியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அடுத்த ஆட்டம் நடந்தது.

#12 கோபேவாசி

தம்பி, ஒசாகா உமேதாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் கோஷியென் நிலையம். இறங்கினால் மைதானம்தான்.

டைகர்ஸ் ஆதரவாளர் கூட்டத்தோடு சத்தம் போட்டுப் பார்க்க வேண்டுமானால் வலது அவுட்ஃபீல்ட். எதிரணி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போகாதீர்கள். ஆட்டத்தைப் புரிந்துகொண்டு பார்க்க வேண்டுமானால் முதல் பேஸ் பக்கம் இன்ஃபீல்ட், வெள்ளிக்குடைக்குக் கீழே. மழைக்கும் கவலை இல்லை. டைகர்ஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி தெரிந்த உடனே பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு கோஷியென் கறி, திறந்த காலத்திலிருந்தே விற்கும் கறி சோறு. கோடையில் வருவதானால் உடைத்த ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சு குழல் போட்டுத் தருவார்கள். 1957 முதல் விற்கிறது. முதலில் கழுத்தில் வைத்துக்கொண்டு, உருகியதும் குடிப்பது வழக்கம்.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்தால் கோஷியென் வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஸ்கோர் பலகையையும் கவனியுங்கள். 1983 வரை வீரர் பெயரைப் பலகையில் தூரிகையால் கையால் எழுதி ஏற்றினார்கள். 1984இல் மின்பலகை வந்தபோதும் அதே எழுத்து வடிவத்தை விடவில்லை. தேதி முடிவானதும் தனிச்செய்தி அனுப்புங்கள், எனக்கும் விடுமுறை என்றால் சேர்ந்தே போவோம்.